௲௯௱௪௰௭ எழுதுவதா, ௧௯௪௭ எழுதுவதா?

தமிழ் எண்களில் இரண்டும் 1947தான். முதலாவது சுவடிக் கணக்கின் மரபு: ௰ (10), ௱ (100), ௲ (1000) ஆகியவற்றுக்கு முன்னால் நிற்கும் எண் பெருக்கும், பின்னால் வருவது கூடும். சுழியம் வேண்டாம், ஒற்றைப் பத்துக்கும் நூறுக்கும் முன்னால் ௧ போடுவதில்லை. இரண்டாவது இடமதிப்பு முறை. அதற்குத் தேவையான சுழியக் குறி ௦, கணினி எழுத்துக் குறியீட்டுத் தரமான யூனிகோடில் 2005-இல், 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது.

கணினிக்கு இடமதிப்பே எளிது. யூனிகோடு ௦ முதல் ௯ வரையுள்ளவற்றைப் பதின்ம இலக்கங்கள் என்கிறது; ௰, ௱, ௲ மூன்றையும் ‘பிற எண்’ என ஒதுக்குகிறது. அதனால் பைத்தான் நிரல்மொழியில் ௧௯௪௭-ஐ முழு எண்ணாக மாற்றினால் 1947 கிடைக்கும்; ௲௯௱௪௰௭ கொடுத்தால் பிழை. பிழை காட்டினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். இலக்கம் அல்லாததை எல்லாம் நீக்கும் நிரல்தான் ஆபத்து: ௨௱௫ (205), ௨௰௫ (25) இரண்டுமே ௨௫ ஆகிவிடும், எச்சரிக்கையும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியோ இரண்டு வடிவத்தையுமே எண்ணாக ஏற்காது. வலைப்பக்கப் பட்டியலுக்கான ‘தமிழ்’ எண்வரிசையும் இடமதிப்புதான். பத்தாவது வரி ௧௦ என்றே வரும்.

ஆனால் சுவடியைப் பெயர்த்தெழுதுகிறவர் ௰-ஐ ௧௦ என்று மாற்றக் கூடாது. மூலத்தில் இல்லாத சுழியம் பதிப்பில் நுழைந்துவிடும். உள்ளபடியே எழுதிவிட்டு, பக்கத்து நெடுவரிசையில் 1947 என மதிப்பைத் தருவதே சரி. மாற்றும் விதி சிறியது: இடமிருந்து படியுங்கள், ௰, ௱ வந்தால் முந்தைய இலக்கத்தால் பெருக்கி (இலக்கம் இல்லையேல் 1) கூட்டுங்கள், ௲ வந்தால் அதுவரை சேர்ந்த மொத்தத்தை (எதுவும் சேரவில்லையேல் 1) ஆயிரத்தால் பெருக்குங்கள். ௱௲ இப்படி லட்சம் ஆகும். ஆனால் கோடியான ௱௱௲ இரண்டு லட்சமாகிவிடும். அடுத்தடுத்த ௱-களைக் கூட்டாமல் பெருக்க வேண்டும்.

பழைய பிராமி எழுத்தில் இந்தக் குழப்பம் குறைவு. யூனிகோடு 6.0 (2010) பழைய முறைக்கு ஒன்று முதல் ஆயிரம் வரை ஒரு தொகுதியும், இடமதிப்புக்குச் சுழியத்தோடு பத்து இலக்கங்களும் தனித்தனியே தந்தது. தமிழில் ௧ முதல் ௯ வரை இரு முறைக்கும் பொது.

எந்த முறையானாலும் தட்டச்சைச் சரிபாருங்கள். ௧ இடத்தில் க, ௨ இடத்தில் உ, ௭ இடத்தில் எ, ௮ இடத்தில் அ, ௰ இடத்தில் ய என எழுத்தையே அடித்துவிடுவது மிகச் சாதாரணம். பல எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது, தேடலில் மட்டும் அந்த எண் அகப்படாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. எண் நெடுவரிசையில் எழுத்து இருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும்.