முதல் பேட்சை யார் படிப்பது? ரெயில்ஸ், லாராவெல், வியூ, ரியாக்ட், ஜாங்கோ: ஓர் ஒப்பீட்டு அலசல்

இணையச் செயலி கட்டத் தேவையான அடித்தளக் கோடை, அதாவது ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை, ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டாயிற்று. கிட்ஹப்பில் ஸ்டார் கூடுகிறது, டவுன்லோடும் ஏறுகிறது. கம்யூனிட்டி வளர்ந்துவிட்டது என்று பலர் மகிழ்வது இந்தக் கட்டத்தில்தான். அப்போது வளர்ந்திருப்பது பயனர் கூட்டம் மட்டுமே. பயன்படுத்த வருபவர்கள் வேறு, கண்ணில் பட்ட பக்கைத் தாங்களே சரிசெய்து அனுப்புபவர்கள் வேறு. முதல் கூட்டம் பெருகப் பெருக இஷ்யூக்கள் (பிழைப் புகார்கள்) குவியும். இரண்டாவது கூட்டம் அதற்கு ஈடாக வளராவிட்டால், எழுதியவர் ஒருநாள் சலித்துப்போய் எல்லாவற்றையும் மூடிவைத்துவிடுவார்.

ஆகவே இந்த ஒப்பீட்டில் ஸ்டார் எண்ணிக்கைக்கு இடமில்லை. நான் எல்லாரிடமும் கேட்கப்போவது ஒரே கேள்வி. முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் முதல்முறையாக ஒரு பேட்ச் (கோடில் செய்த திருத்தம்) அனுப்புகிறார். அதை உட்கார்ந்து படிப்பது யார்? படிக்கும் நேரத்துக்குக் காசு கொடுப்பது யார்?

ரெயில்ஸிலிருந்து தொடங்கலாம். டேவிட் ஹைன்மையர் ஹான்சன், பேஸ்கேம்ப் செயலியைக் கட்டும்போது உருவான பகுதிகளைப் பிரித்தெடுத்து 2004 ஜூலையில் வெளியிட்டார். பதினைந்தே நிமிடத்தில் ஒரு செயலியைக் கட்டிக்காட்டிய வீடியோ ஆட்களை உள்ளே இழுத்தது. அவர்களைத் தக்கவைத்தது வேறொன்று. எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும், டேபிளுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஃபிரேம்வொர்க்கே முடிவு செய்துவிட்டது. வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று பொதுவாகச் சொல்வார்கள். கம்யூனிட்டிக்குக் கிடைத்த பலன் அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். எந்த ரெயில்ஸ் ப்ராஜெக்டைத் திறந்தாலும் எது எங்கே இருக்கும் என்று தெரிகிறது. முகம் தெரியாத ஒருவரின் கோடைப் பார்த்த மாத்திரத்தில் பிழை சொல்ல முடிகிறது. ஜெம் (ரெயில்ஸோடு சேர்க்கும் துணை பேக்கேஜ்) எழுதுபவர், அது போய் உட்காரும் இடம் எப்படி இருக்கும் என்பதை நம்பி எழுத முடிகிறது.

ஒருவருடைய ரசனையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தால், அந்த ரசனை பிடிக்காதவர்கள் தனிக்கடை போடுவார்கள். மெர்ப் என்ற போட்டி ஃபிரேம்வொர்க் அப்படி வந்ததுதான். 2008 டிசம்பரில் இரு தரப்பும் ஒன்றாக இணைவதாக அறிவித்தன. 2010-ல் வெளிவந்த ரெயில்ஸ் 3 அந்த இணைப்பின் விளைவு. போட்டியாளரையே அழைத்து, கோடில் எது சேரும் என்று முடிவெடுக்கும் கோர் டீமில் உட்காரவைப்பது தனித்தலைவர் இருக்கும் இடத்தில் கொஞ்சம் எளிது. ஆனால் அதே தலைவர் ஃபிரேம்வொர்க்குக்கு வெளியே எடுக்கும் நிலைப்பாடுகளும் கம்யூனிட்டியின் தலையில்தான் விழும். ரெயில்ஸ் அதையும் நிறையவே பார்த்துவிட்டது.

2022 நவம்பரில் ரெயில்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியது. ஷாப்பிஃபை, கிட்ஹப், 37 சிக்னல்ஸ் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 10 லட்சம் டாலர் போட்டன. அதன் பொறுப்பு ஆவணங்கள், பயிற்சி, நிகழ்ச்சிகள். கோடில் எது சேர வேண்டும் என்பது இன்றும் கோர் டீமின் கையில். அந்த டீமில் பலருக்குச் சம்பளம் தருவது ரெயில்ஸை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்கு ரெயில்ஸ் தேவைப்படும் வரை பேட்சைப் படிக்க ஆள் இருக்கும்.

லாராவெல் இதன் தம்பி மாதிரி. டெய்லர் ஓட்வெல் 2011-ல் வெளியிட்டார். அவர் நன்கொடையை நம்பி உட்காரவில்லை. சர்வர் நிர்வாகத்துக்கு ஃபோர்ஜ் என்ற சேவையை 2014-ல் கொண்டுவந்து விற்றார். அதையடுத்து வேறு சேவைகளும் வந்தன. கற்றுக்கொடுக்கும் வேலையை ஜெஃப்ரி வேயின் லாராகாஸ்ட்ஸ் தனியாக எடுத்துக்கொண்டது. புதிதாக வருபவருக்குப் பாடம் தயார், பாடம் முடித்தவருக்கு சர்வர் தயார். பேட்சை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் ஓட்வெல்லின் முடிவு. மறுப்பும் சட்டென்று வந்துவிடும். பலருக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் பதிலே வராமல் கிடப்பதைவிட, இரண்டு நாளில் வரும் 'வேண்டாம்' எவ்வளவோ மேல்.

2024-ல் லாராவெல், ஆக்செல் நிறுவனத்திடமிருந்து 5.7 கோடி டாலர் முதலீடு வாங்கியது. வெளி முதலீடு என்றதும் மீட்டியோர் ஞாபகம் வராமல் போகாது. 2012-ல் ஆண்ட்ரீசன் ஹொரோவிட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 1.12 கோடி டாலர் வாங்கி ஆரவாரமாக வந்த ஃபிரேம்வொர்க் அது. 2019-ல் டைனி என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. இரண்டுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. லாராவெல் முதலீடு வாங்கியபோது அதற்குப் பதின்மூன்று வயது, விற்க ஏற்கெனவே பொருள் இருந்தது. மீட்டியோர் முதலில் பணத்தை வாங்கிவிட்டுப் பிறகு வருமானத்துக்கு வழி தேடியது.

வியூவின் கதை வேறு வகை. இவான் யூ 2014 பிப்ரவரியில் வெளியிட்டார். 2016-ல் பேட்ரியான் வழியாகப் பயனர்கள் தரும் மாதாந்தரப் பணத்தை நம்பி முழுநேரமாக இறங்கினார். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. அதனால் வியூவைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் 'இது நம்முடையது' என்ற உணர்வு அதிகம். அந்த உணர்வு எவ்வளவு இனிக்கும், எவ்வளவு கடிக்கும் என்பது 2019-ல் தெரிந்தது. வியூ 3-க்கான புதிய எழுதுமுறையை ஒரு வரைவாக முன்வைத்தபோது, பழைய முறை போய்விடும் என்று பயனர்கள் கொதித்துப்போனார்கள். பழைய முறை அப்படியே இருக்கும், புதியது கூடுதலாக வரும் என்று தெளிவாக்கிய பிறகே சூடு தணிந்தது. வரைவைப் பொதுவில் வைத்ததால்தான் அடி வாங்கினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடாக வந்த பிறகு இதே எதிர்ப்பு கிளம்பியிருந்தால் கதையே மாறியிருக்கும்.

ஆங்குலர் என்ற ஃபிரேம்வொர்க் அதைத்தான் அனுபவித்தது. 2014 அக்டோபரில், முதல் வடிவத்தோடு ஒத்துப்போகாத ஆங்குலர் 2 வரப்போகிறது என்ற செய்தி ஒரு மாநாட்டு மேடையில் வெளியானது. அது முழுமையாக வெளிவந்தது 2016 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில், 'பழையதில் புதிதாக எதையும் தொடங்காதே, புதியது இன்னும் தயாராகவில்லை' என்ற நிலை. அந்த இடைவெளியில் ரியாக்ட் பக்கமும் வியூ பக்கமும் போனவர்கள் ஏராளம். வியூவும் இந்தச் சிக்கலிலிருந்து முழுக்கத் தப்பவில்லை. 2020 செப்டம்பரில் வந்த வியூ 3, 2022 பிப்ரவரியில்தான் அதிகாரபூர்வ முதல் தேர்வானது. சுற்றியுள்ள லைப்ரரிகள் மாற அவ்வளவு காலம் பிடித்தது.

ரியாக்டைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. ஃபேஸ்புக் 2013 மே மாதம் வெளியிட்டது. பேட்சைப் படிப்பவர்களுக்குக் கம்பெனி சம்பளம் தருகிறது; அதற்கேற்ப எது முக்கியம் என்பதையும் பெரும்பாலும் கம்பெனியின் தேவையே முடிவு செய்தது. எனவே ரியாக்டின் கம்யூனிட்டி உள்ளே வளர்ந்ததைவிட வெளியே, அதைச் சுற்றி எழுந்த கருவிகளில் வளர்ந்தது: ரெடக்ஸ், ரியாக்ட் ரவுட்டர், நெக்ஸ்ட். மையத்தைச் சின்னதாக வைத்துவிட்டு மற்றதையெல்லாம் பிறருக்கு விட்டதன் பலன் இது. கூட்டத்தின் பலம் தெரிந்தது 2017-ல். காப்புரிமை நிபந்தனையோடு இருந்த லைசென்ஸை அப்பாச்சி அமைப்பு தன் திட்டங்களில் ஏற்க மறுத்தது. வேர்ட்பிரஸ் தரப்பும் விலகப்போவதாகச் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் ரியாக்ட், அந்த நிபந்தனை இல்லாத எம்ஐடி லைசென்ஸுக்கு மாறியது. 2025 அக்டோபரில், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ரியாக்டுக்குத் தனி ஃபவுண்டேஷன் வருவதாக அறிவித்தார்கள். நீங்கள் தனியாளாக ஒரு ஃபிரேம்வொர்க் எழுதுபவர் என்றால் இந்தப் பாதையிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகமில்லை. லைசென்ஸில் மட்டும் விளையாட வேண்டாம்.

சரி, ஜாங்கோ. இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் என் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியவர்கள் இவர்கள்தான்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-ல் தொடங்கியது இது. 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. 2008-ல் லாப நோக்கற்ற ஜாங்கோ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் உருவானது. 2014 ஜனவரியில், இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து ஹோலோவாட்டியும், அவரோடு அந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட ஜேக்கப் கப்லான்-மாஸும் தாங்களாகவே விலகினார்கள். நிறுவனர்கள் தாமாக ஒதுங்கி, திட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பது இந்தத் துறையில் அபூர்வம்.

அதையொட்டி வந்த ஃபெலோ ஏற்பாடுதான் உண்மையான கண்டுபிடிப்பு. ஃபவுண்டேஷன் நன்கொடைப் பணத்தில் ஓரிருவரைச் சம்பளத்துக்கு வைக்கிறது. புதிய வசதிகளைக் கட்டுவது இவர்களுடைய முதல் வேலையே இல்லை. வரும் டிக்கெட்டுகளைப் பிரித்து வகைப்படுத்துவது, பேட்சுகளைப் படித்துத் திருத்தம் சொல்வது, பாதுகாப்புப் பிழைகளைக் கவனிப்பது, ரிலீஸ் வெளியிடுவது என யாரும் இலவசமாகச் செய்ய ஆசைப்படாத வேலைகள் இவர்களுக்கு. புதிய வசதி எழுதத் தன்னார்வலர் கிடைப்பார்; அடுத்தவர் எழுதியதை வரிவரியாகப் படிக்கக் கிடைப்பது கஷ்டம். காசை எங்கே போட வேண்டும் என்பதை ஜாங்கோ சரியாகப் பிடித்துவிட்டது.

புதியவர்களை அழைத்துவருவதிலும் அப்படித்தான். 2014-ல் பெர்லினில் ஓலா சிட்டார்ஸ்காவும் ஓலா செண்டெக்காவும் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ், பெண்களுக்கான இலவசப் பயிற்சிப் பட்டறை. அதன் பாடத்தை யாரும் எடுத்து எங்கேயும் நடத்தலாம். பல மொழிகளில் கிடைக்கிறது. ரெயில்ஸ் பக்கம் 2010-லேயே ஹெல்சின்கியில் ரெயில்ஸ் கேர்ள்ஸ் பிறந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டுமே கோர் டீம் போட்ட திட்டம் கிடையாது. பயனர்கள் தாங்களாக எடுத்துச் செய்தது. தலைமை குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவுதான்.

ஜாங்கோவில் குறை இல்லாமல் இல்லை. வேகம் குறைவு. எட்டு மாதத்துக்கு ஒரு ரிலீஸ், ஒரு வசதியை நீக்குவதற்கு முன் நீண்ட எச்சரிக்கைக் காலம். அசிங்க் (ஒரு வேலை முடியக் காத்திராமல் அடுத்ததைத் தொடங்கும் முறை) ஆதரவு 3.0-ல் 2019 டிசம்பரில் தலைகாட்டி, டேட்டாபேஸ் பக்கம் எட்டிப்பார்க்கவே 2022-ல் வந்த 4.1 வரை ஆனது. புதுமை தேடுபவர்களுக்கு இது கொட்டாவி வரவைக்கும். ஆனால் துணை பேக்கேஜ் எழுதிப் பராமரிப்பவர்கள், ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள், இந்த நிதானத்தால்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். கம்யூனிட்டியில் பாதி அவர்கள்தான்.

இன்னொரு குறை கொஞ்சம் நுட்பமானது. சம்பளத்துக்கு ஆள் வந்ததும் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். கோடை உள்ளே சேர்க்கும் வேலை ஃபெலோக்களிடமே போய்ச் சேர்ந்தது; கோர் டீம் பெயரளவில் இருந்தது, புதியவர்கள் அதில் சேர்வதும் அரிதானது. 2020-ல் அந்த டீமையே கலைத்துவிட்டு, சேர்ப்பவர், ரிலீஸ் செய்பவர் என்று குறிப்பிட்ட பொறுப்புகளை மட்டும் வைத்தார்கள். பட்டம் இருந்தால்தான் பங்களிக்கலாம் என்ற எண்ணத்தை அது கொஞ்சம் உடைத்தது. பிறகு கம்யூனிட்டியிலிருந்தே ஜாங்கோநாட் ஸ்பேஸ் என்ற எட்டு வாரப் பயிற்சி வந்தது: சிறு குழு, வழிகாட்ட ஒருவர், முதல் பேட்ச் உள்ளே போகும் வரை பக்கத்திலேயே துணை.

புதிதாகத் தொடங்குபவர் ஜாங்கோவின் அமைப்பை முதல் நாளே நகலெடுக்கக் கூடாது என்பதுதான் என் கணிப்பு. பத்துப் பயனர் இருக்கும்போது ஃபவுண்டேஷன், தேர்தல், கவுன்சில் எல்லாம் வீண் சுமை. அந்த வயதில் ரெயில்ஸ், லாராவெல் வழிதான் சரி: ஒருவருடைய ரசனை, கறாரான ஒழுங்கு, சட்டென்று பதில். பதில் தாமதமாகத் தொடங்கும் மாதத்தில்தான் மாற வேண்டும். அப்போது கையில் வரும் முதல் ஸ்பான்சர் பணத்தைப் பலரும் மாநாட்டுக்கும் டீஷர்ட்டுக்கும் ஒதுக்குகிறார்கள். நானாக இருந்தால், வாரத்தில் இரண்டு நாள் பேட்ச் படிக்க ஒருவரை அமர்த்துவேன். அவர் படித்த பேட்ச் ஒவ்வொன்றுக்கும் என்ன திருத்தம் சொன்னார், ஏன் சொன்னார் என்பதைப் பொதுவில் எழுதவைப்பேன். அதைப் படித்துக் கற்றுக்கொள்பவர்களில் யாராவது ஒருவர் அடுத்த பேட்சைத் தானாகப் படிக்கத் தொடங்கினால், மாநாட்டைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.