ரூடெஸ்ஹைமில் ஒரு காலைப் பொழுது

ரைன் நதிக் கப்பல் ஜெர்மனியின் ரூடெஸ்ஹைம் ஊரில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதனால் இறங்கியதும் கேபிள் காருக்குப் போங்கள், படகுத்துறையிலிருந்து நடை தூரம். இருவர் உட்காரும் சின்னத் திறந்த பெட்டி, 1954இலிருந்து ஓடுகிறது. காலுக்குக் கீழே முழுக்க ரீஸ்லிங் என்ற வைன் திராட்சை. நம் தேயிலை போல அடர்ந்து மூடியிருக்காது. கம்பி கட்டி, வரிசைக்கு வரிசை இடம் விட்டு நட்டிருக்கிறார்கள். சரிவு மட்டும் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துச் சரிவுதான். “இதுல கொழுந்துக் கூடையோட நின்னா முட்டி போயிரும்” என்றார் அம்மா. தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அவருக்குத் தெரியும்.

உச்சியில், ஜெர்மனி ஒன்றிணைந்ததன் நினைவாக 1883இல் திறந்த நீடர்வால்ட் நினைவுச்சின்னம், 38 மீட்டர் உயரம். எனக்கு அதைவிட அங்கிருந்து தெரியும் ஆற்று வளைவும் எதிர்க்கரை பிங்கன் ஊரும் பிடித்தன.

டிரோசல்காஸே என்ற 144 மீட்டர் சந்தில் ஒரே நெரிசல், ஒருமுறை நடந்தால் போதும். கப்பல் கம்பெனி விற்ற வைன் சுற்றுலா வீண் செலவு, அவசரப்படுத்தியே முடித்துவிட்டார்கள். அப்புறம், ரூடெஸ்ஹைம் காப்பி கட்டாயம். பிராந்தியில் சீனிக்கட்டி போட்டுத் தீ மூட்டி, காப்பி ஊற்றி, மேலே கிரீம் வைப்பார்கள். சாராயம் தொடாதவர்கள் சாதாரணக் காப்பி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.