வேலைக்கொரு லினக்ஸா, எல்லாத்துக்கும் ஒரே லினக்ஸா?

காரைக்குடியில் ஒரு டியூஷன் சென்டர், கல்யாண வீடியோ வெட்டும் ஒரு ஸ்டூடியோ, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் பில் போடும் பழைய கம்ப்யூட்டர். மூன்றுக்கும் விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் வேண்டுமென்றால், படிப்புக்கு எடுபுண்டு, ஒலி-வீடியோவுக்கு உபுண்டு ஸ்டூடியோ, பழைய கம்ப்யூட்டருக்கு லுபுண்டு என்று உபுண்டுவின் தனிப்பதிப்புகளில் ஆளுக்கொன்றைச் சொல்லிவிடுவார்கள். என் கட்சி வேறு. டெபியன், உபுண்டு என்ற பொதுவான லினக்ஸ் பதிப்புகளில் ஏதாவது ஒன்று போதும். வேண்டியதை அதன் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் காரணம் ஆயுள். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-க்கு 2029 வரை அப்டேட் வரும். அதே 24.04-இன் எடுபுண்டு, ஸ்டூடியோ, லுபுண்டு மூன்றுக்கும் 2027-ஓடு சரி. எடுபுண்டு கதை இன்னும் மோசம்: 2014-க்குப் பிறகு புதுப் பதிப்பே நின்றுபோய், 2023-இல்தான் மறுபடி வந்தது. நடுவில் அதை நம்பியிருந்த பள்ளிக்கூடம் என்ன செய்திருக்கும்?

இத்தனைக்கும் அதற்குள் இருக்கும் ஜிகாம்ப்ரி போன்ற குழந்தைகளுக்கான கற்றல் மென்பொருள்கள் சாதாரண உபுண்டுவின் களஞ்சியத்திலேயே (மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இடம்) கிடைக்கின்றன. தொடக்கப்பள்ளிக்கு, மேல்நிலைக்கு என்று தொகுப்பாகவும் உண்டு. ஒரே கட்டளை, முடிந்தது. டியூஷன் அக்கா கேட்பதெல்லாம் தமிழ்99 விசைப்பலகை. அது எந்தப் பதிப்பானாலும் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக ஒரே மாதிரிதான் வரும்.

ஸ்டூடியோவில்தான் வாதம் கொஞ்சம் கெட்டி. ஒலிப்பதிவுக்குத் தாமதம் குறைந்த தனி கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப்பகுதி) வந்துகொண்டிருந்தது உபுண்டு ஸ்டூடியோ. ஆனால் 2024 அக்டோபரில் வந்த 24.10 முதல் அதுவே பொது கெர்னலுக்கு மாறி, கம்ப்யூட்டர் தொடங்கும்போதான பூட் அமைப்புகளை மட்டும் மாற்றிக்கொள்கிறது. அப்புறம், ஏற்கெனவே உள்ள உபுண்டுவில் அதன் தொகுப்புகளைத் தேர்ந்து ஏற்ற அவர்களே ஓர் இன்ஸ்டாலரும் தருகிறார்கள். கெடன்லைவ் என்ற வீடியோ வெட்டும் மென்பொருள் மட்டும் வேண்டியவர் மொத்தப் பதிப்பையும் போடுவது, ரெண்டு பேர் சமையலுக்குக் கல்யாண அண்டாவை இறக்குகிற கதை.

பட்டறைக் கம்ப்யூட்டருக்கு சாதாரண உபுண்டுவின் திரைமுகப்பான க்னோம் கனம்தான், மறுக்கவில்லை. டெபியன் போடும்போதே எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான திரைமுகப்பைத் தேர்ந்துவிட்டால் லுபுண்டுவில் இருக்கும் அதே முகப்பு வந்துவிடும்.

அந்தரங்கத்தைக் காக்கவே உருவான டெயில்ஸ் என்ற லினக்ஸ் மட்டும் நிஜமாகவே தனி ஜாதி: யுஎஸ்பியிலிருந்து ஓடி, அணைத்ததும் எல்லாம் மறந்துபோகும்படி கட்டியது, தொகுப்பு ஏற்றி அதைக் கொண்டுவர முடியாது. பாதுகாப்புச் சோதனைக்கான காலி லினக்ஸை அன்றாட வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கல்லூரித் தம்பிகளுக்கு ஒன்று: பொது டெஸ்க்டாப்புக்கு இது வேண்டாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது.

டியூஷன் சென்டர் நாளைக்குப் பெரிய லேபாகி, ஒரே சர்வரிலிருந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் பூட் செய்யவேண்டி வந்தால், அப்போது பள்ளிகளுக்கான டெபியன் பதிப்பான டெபியன் எடுவைப் பார்க்கலாம்.