நெப்ராஸ்கா: நாலு டிராக் கேசட்டில் பிறந்த இசைத்தட்டு

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' இசைத்தட்டில் முதலில் காதில் விழுவது மெல்லிய இரைச்சல். தட்டில் கோளாறு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 1982 ஜனவரியில், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறையில், டியாக் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற, நாலு ஒலித்தடங்களை (டிராக்) தனித்தனியாகப் பதியும் கேசட் கருவியும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளும் வைத்துப் பதிவானது இது. குரலும் கிதாரும் இரண்டு டிராக்கைப் பிடித்துக்கொள்ள, மிஞ்சிய இரண்டில்தான் ஹார்மோனிகா, இரண்டாம் குரல் எல்லாம். பிறகு எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக, தண்ணீரில் விழுந்து பிழைத்த ஒரு பானசோனிக் டேப்ரெக்கார்டரில் எல்லா டிராக்கையும் ஒன்றாகக் கலந்து மிக்ஸ் இறக்கினார்கள். ஆளில்லா நெடுஞ்சாலையில் பாடுவதுபோன்ற அந்த எதிரொலி அங்கிருந்து வந்தது.

அதே பாடல்களை அவருடைய குழுவான இ ஸ்ட்ரீட் பேண்டோடு ஸ்டுடியோவிலும் முயன்றார்கள். ஒலி பெருத்தது, பாட்டிலிருந்த தனிமை போய்விட்டது. சரி, கேசட்டையே வெளியிடலாம் என்றால் மாஸ்டரிங்கில், அதாவது ஒலியைத் தட்டுக்குத் தயார்செய்யும் கட்டத்தில், தகராறு; தட்டின் பள்ளங்களைப் பலமுறை வெட்டிப் பார்த்து, கடைசியில் தாழ்ந்த லெவலில்தான் தட்டில் ஏற்ற முடிந்தது. ஆகவே வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். இரைச்சலுக்குப் பயந்து டிரெபிளை (உச்ச ஒலிகளை)க் குறைத்தால் கிதார் நரம்பின் உரசலும் சேர்ந்தே போய்விடும்.

செப்டம்பரில் வெளிவந்தது, சுற்றுப்பயணமே இல்லாமல் அமெரிக்க இசைத்தட்டுத் தரவரிசையான பில்போர்டில் 3-ஆம் இடம். பத்துப் பாட்டு, சுமார் 41 நிமிடம். இரவில், ஒரே மூச்சில் கேட்க வேண்டிய தட்டு.