ரைமிங் செயின் அறுந்த பிக்கப்பைக் கராஜிலை விடமுதல் இதை வாசியுங்கோ: 345,000 ரூபா போச்சு

345,000 ரூபா. ரைமிங் செயின் (எஞ்சின் வால்வைச் சரியான நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற சங்கிலி) அறுந்த எங்கட பிக்கப்பைத் திருத்த, "முழுச் செயின் கிற், ஹெட் வேலை, கூலி" எண்டு பில்லிலை எழுதி வாங்கின காசு. இண்டைக்கு இன்னொரு மெக்கானிக் முன் கவரைக் கழற்றிக் காட்டினவர். செயின் வேலையிலை உள்ளுக்கை புதுசா இருந்தது மேல்ச் செயின் ஒண்டு மட்டும்தான். கராஜின்ர பேரைப் போடேல்லை. யாழ்ப்பாண நகரத்துக்குள்ளை டீசல் வாகனம் பாக்கிற பெரிய கராஜ், அவ்வளவுதான்.

வாகனம் நிசான் நவாரா, டி40 மொடல், வைடி25 டீசல் எஞ்சின். 2020 மார்ச்சிலை இருந்து 2025 வரை வாகன இறக்குமதி நிண்டிருந்ததாலை இங்கை கனபேர் பழைய பிக்கப்பைத்தான் திருத்தித் திருத்தி ஓடுகினம், அதாலைதான் இவ்வளவு விபரமா எழுதுறன். இந்த எஞ்சினிலை ரைமிங் செயின் ரெண்டு. கீழ்ச் செயின், கிராங்கிலை (பிஸ்ரன் சுத்துற தண்டு) இருந்து டீசல் அடிக்கிற இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வரும். பம்பிலை இருந்து ரெண்டு கேமுக்கும் (வால்வைத் திறக்கிற தண்டு) போறது மேல்ச் செயின். முந்தின மொடல்களிலை அந்த மேல்ச் செயின் ஒற்றை வரி. ஓயில் மாத்தப் பிந்தினால் கரி சேர்ந்து செயின் கண்ணியளைக் கோக்கிற பின் தேயும், செயின் நீளும், செயினை இறுக்கிற ரென்ஷனர் முழுக்க வெளியிலை வந்தும் இறுக்கம் காணாது. கடைசியிலை அறும். அறுந்தால் பிஸ்ரன் வால்விலை அடிச்சு வால்வ் வளையும். அதுக்குத்தான் ரெண்டு வரிச் செயின் கிற் விக்கிறாங்கள். ரெண்டு வரிக்கு ஸ்புறொக்கற்றும் (செயின் ஓடுற பல்லுச் சில்லு) சேர்த்து மாத்தவேணும், பழைய ஸ்புறொக்கற்றிலை அது இருக்காது.

நம்ப வைச்சது ஒரு பெட்டி. கராஜ் முதலாளி புதுக் கிற் ஒண்டை மேசையிலை வைச்சு எங்கட கண்ணுக்கு முன்னாலை பிரிச்சார். செயின், கைட் (செயின் உரசி ஓடுற பிளாஸ்டிக் தாங்கி), ரென்ஷனர், ஸ்புறொக்கற், சீல், எல்லாம் ஓயில் கடதாசியிலை சுத்தினபடி. "அண்ணை, இது ரெண்டு வரி. இனி எஞ்சின் போனாலும் செயின் போகாது" எண்டார். கழற்றின ஹெட்டையும் (வால்வ் இருக்கிற எஞ்சின் மேல்பகுதி) காட்டினார், வளைஞ்ச 8 வால்வையும் எண்ணிக் காட்டினார். வால்வ் வளைஞ்சது உண்மை, அதை மாத்தினதும் உண்மை. அதைப் பாத்தாப்பிறகு ஆர்தான் மிச்சத்தைச் சந்தேகப்படுவினம்? 200,000 முற்பணம், மிச்சம் 145,000 வாகனம் எடுக்கேக்கை. பழைய சாமானைக் கேட்டதுக்கு, "இரும்புக்காரன் கொண்டு போட்டான் அண்ணை."

கொஞ்ச நாளிலை காலமை ஸ்ராட் பண்ணேக்கை முன்பக்கம் கடகடவெண்டு சத்தம். ஃபோன் எடுத்தால், "புதுச் செயின், படியவேணும்." பொய். செயின் படியிற சாமான் இல்லை. ரென்ஷனருக்கு ஓயில் அழுத்தம் ஏறுற ஒண்டு ரெண்டு செக்கன் சத்தம் வாறது வேறை, சூடானாப்பிறகும் நிக்காமல் வந்தால் செயின் தளர்ந்திட்டுது. பிறகு "இன்ஜெக்டர் சத்தம்" எண்டினம். பிறகு "ஓயிலை மாத்திப் பாருங்கோ". அதுக்குப் பிறகு முதலாளி எப்பவும் கொழும்பிலை. இண்டைக்குப் படம் அனுப்பினதுக்கு வந்த பதில், "வேற ஆள் கழற்றினது, எங்களுக்குப் பொறுப்பில்லை." 345,000 ரூபா வாங்கினவையின்ர பதில் இது!

கழற்றினாப்பிறகு கண்டது: மேல்ச் செயின் புதுசு, ஆனால் அதே ஒற்றை வரி. ஸ்புறொக்கற் பழசு, பல்லெல்லாம் ஒரு பக்கம் கொக்கி மாதிரிச் சரிஞ்சிருக்கு. கைட்டிலை செயின் ஓடின பள்ளம் நகம் பதியிற அளவு. ரென்ஷனர் பழசு, தண்டு கடைசிவரை வெளியிலை. சம்பை (எஞ்சினுக்கு அடியிலை உள்ள ஓயில் தட்டு) இறக்கினால் ஓயில் ஸ்ரெயினர் வலையிலை கைட் பிளாஸ்டிக் துண்டுகள், அதோடை கவர் ஒட்டேக்கை அள்ளிப் பூசின சிலிக்கன் சுருள் சுருளா. வலை அடைபட்டால் ரென்ஷனருக்கு மட்டுமில்லை, ரேர்போவுக்கும் பெயறிங்குக்கும் ஓயில் போகாது. செயின் அறுந்த எஞ்சினிலை சம்பைக் கழற்றிக் கழுவாமல் மூடினதை என்னாலை மன்னிக்கவே ஏலாது. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையிலை வாற ஹெட் கஸ்கெற்றும் சந்தேகம்தான். இந்த எஞ்சினுக்குக் கஸ்கெற் பல தடிப்பிலை வரும், பிஸ்ரன் புளொக்குக்கு மேலை எவ்வளவு வருகுது எண்டு அளந்துதான் எடுக்கவேணும், ஓரத்திலை உள்ள வெட்டை எண்ணினால் எந்தத் தடிப்பு எண்டு தெரியும். "எத்தினை வெட்டு போட்டனீங்கள்?" எண்டு கேட்டதுக்கு அங்கை ஒருத்தருக்கும் பதில் தெரியேல்லை.

என்ன செய்யவேணும் எண்டு வடிவா எழுதத்தான் நினைச்சனான், இப்ப முடியேல்லை. முக்கியமானது மட்டும்:

ஓடேக்கை எஞ்சின் சட்டெண்டு நிண்டு, ஸ்ராட்டர் வழமையை விட லேசாச் சுத்தினால் செயின் அறுந்திருக்கலாம், திரும்பத் திரும்ப ஸ்ராட் பண்ணாதேங்கோ, தள்ளியும் ஸ்ராட் பண்ணாதேங்கோ. எஞ்சினுக்கு மேலை உள்ள ரப்பெற் கவரைக் கழற்றினால் மேல்ச் செயின் கண்ணுக்குத் தெரியும்.

சாமானை நீங்களே வாங்கிக் குடுங்கோ. ஸ்புறொக்கற், கைட், ரென்ஷனர் எல்லாத்திலையும் பெயின்ற் புள்ளி வையுங்கோ. கவர் மூடமுதல் போய்ப் பாருங்கோ, படம் எடுங்கோ.

ஹெட் பூட்டமுதல் அதிலை காத்தும் புகையும் போற போர்ட்டுக்குள்ளை பெற்றோல் ஊத்தச் சொல்லுங்கோ. வால்வடியாலை கசிஞ்சால் வேலை முடியேல்லை.

ரென்ஷனரை அமத்திப் பிடிச்சிருக்கிற ஊசியை இழுத்தெடுத்தாப்பிறகு கிராங்கைக் கையாலை 2 சுத்துச் சுத்தவேணும். கேம் ஒரு சுத்து வந்து பழைய இடத்திலை நிக்கவேணும். இடையிலை இறுகினால் ஸ்ராட்டரைத் தொடவே கூடாது.

பழைய சாமான் கைக்கு வராமல் மிச்சக் காசு குடுக்காதேங்கோ. பில்லிலை ஒவ்வொரு சாமானும் தனித்தனியா எழுதவேணும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 அடிக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்திலை 3 மாதத்துக்குள்ளை குடுக்கவேணும். "படியட்டும், படியட்டும்" எண்டு இழுத்தடிக்கிறது அந்த 3 மாதம் போகத்தான். 345,000 ரூபாவுக்கான முறைப்பாடு நாளைக்குக் காலமை போகுது.