சக்கரம் இல்லாத ஹூவர் கான்ஸ்டலேஷன்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் அன்றாடம் ஓடும் வேக்யூம் கிளீனர் 1960களில் செய்த ஹூவர் கான்ஸ்டலேஷன். காட்சிக்கு வாங்கி வைத்தது அல்ல. மாடி அறைகள், படிக்கட்டு, சோபா எல்லாம் பல வருடங்களாக இதனால்தான் சுத்தமாகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுக்குச் சக்கரம் எங்கே?" என்றுதான். சக்கரமே கிடையாது. உருண்டையான உடம்பு, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. பார்க்கச் சனிக் கிரகம்தான். ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் வெளியே தள்ளும் காற்று அடிப்பக்கமாக இறங்கும். அந்தக் காற்றின் மேலேயே இயந்திரம் ஒரு சின்ன ஆட்டத்துடன் எழும்பி நிற்கும்.

கார்ப்பெட்டின் மேல் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹோஸை லேசாக இழுத்தாலே பின்னால் வந்துவிடுகிறது. எல்லாப் பக்கமும் ஒன்றுபோல வழுக்கும் என்பதால் திருப்பிவிட வேண்டிய வேலையே இல்லை. மேசைக் காலில் மோதினாலும் மாட்டிக்கொள்ளாமல் பட்டை பட்டு நழுவிப் போய்விடும். சத்தமும் குறைவு, அடியில் இறங்கும் காற்றின் இரைச்சலைக் கார்ப்பெட்டே அமுக்கிவிடுகிறது. நிறுத்தினால்தான் அதன் கனம் தெரியும். மாடிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் தூக்கித்தான் ஆக வேண்டும்.

வேக்யூம் கிளீனரை எப்படி நகர்த்துவது என்பது அது பிறந்த நாளிலிருந்தே இருந்த சிக்கல். 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்தது குதிரை வண்டியில் வந்தது. வண்டி தெருவில் நிற்கும், குழாய் மட்டும் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். அமெரிக்காவின் ஒஹாயோவில், கான்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லருக்கு ஆஸ்துமா. தூசியோடு மல்லுக்கட்ட முடியாமல், விசிறி மோட்டாரையும் துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து அவர் உருவாக்கியதற்கு 1908-இல் காப்புரிமை கிடைத்தது. தோல் வியாபாரம் செய்துகொண்டிருந்த ஹூவர் குடும்பம் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. 1921-இல் எலக்ட்ரோலக்ஸ் தன் மாடல் V இயந்திரத்தைப் படுக்கவைத்து, சறுக்குக் கட்டை போன்ற இரண்டு உலோகக் கம்பிகளின் மேல் இழுக்க வைத்தது. 1936-இல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150, மோட்டாரையும் பாகங்களையும் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைத்து, வேக்யூம் கிளீனருக்கு அழகான ஒரு முகத்தைத் தந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் வடிவம் மேலே போர்த்தியது. கான்ஸ்டலேஷனின் வடிவமோ வேலை செய்யும் விதத்திலிருந்தே வந்தது.

1954-இல் வந்த முதல் கான்ஸ்டலேஷன் மிதக்கவில்லை. சுழலும் ஹோஸ்தான் அதன் பெருமை: இயந்திரத்தை அறையின் நடுவில் வைத்துவிட்டு, நாம் சுற்றி வந்து கூட்டிக்கொள்ளலாம். நகர்த்தவே வேண்டாம் என்பதுதான் யோசனை. அதற்கு உருண்டை வடிவம் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு வந்த மாடல்களில்தான், எப்படியும் வீணாகப் போகிற காற்றையே இயந்திரத்தைத் தூக்கப் பயன்படுத்தினார்கள். இதேபோல் காற்றின் மேல் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்ட் படகு ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான், 1959-இல்.

இந்த மிதவை யாருக்காக யோசித்தது என்பது எங்கள் சமையலறையில் புரிந்தது. அங்கே தரை டைல்ஸ். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது கூட்டுதா, ஊதுதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடியில் இறங்கும் காற்று, ஹோஸின் முனை போய்ச் சேருவதற்குள் தூசியையும் முடியையும் அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகர ஆலைகள் மலிவான கார்ப்பெட்டைத் தயாரித்துக் குவிக்க, சுவருக்குச் சுவர் கார்ப்பெட் விரிக்கும் வழக்கம் பரவியது. கான்ஸ்டலேஷன் அந்த வீடுகளுக்கான பொருள். மொசைக்கும் டைல்ஸும் போட்ட நம் ஊர் வீடுகளுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். அங்கே விளக்குமாறு இதைவிட நன்றாக வேலை செய்யும்.

கார்ப்பெட்டிலும் குறை இருக்கிறது. என்னுடையதன் முனையில் மோட்டாரில் சுழலும் பிரஷ் இல்லை, வெறும் உறிஞ்சல்தான். மேலே கிடக்கும் தூசிக்குப் போதும். ஆழத்தில் சிக்கிய நாய் முடிக்குப் போதாது. கதவு நிலையில் சின்ன மேடு இருந்தாலும் மிதவை போய் முட்டி நின்றுவிடும். உள்ளே தூசி சேரும் பழைய காகிதப் பை நுண்ணிய தூசியை வெளியே விட்டுவிடுகிறது. அதையே கீழே போகும் காற்று அறை முழுக்கப் பரப்பும். ஆஸ்துமாக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்கிய கருவிக்கு இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். நான் இப்போது இதற்குப் பொருந்தும் 'ஜே' வகைப் பைகளில் துணி போன்ற செயற்கை இழையில் வருவதைத்தான் போடுகிறேன். நல்ல வித்தியாசம் தெரிகிறது.

வாங்க நினைப்பவர்கள் கம்பளத்தின் மேல் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் வந்த மாடலாக இருந்தும் எழும்பவில்லை என்றால், உருண்டையின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்து ரப்பர் விறைத்துக் காற்று கசியலாம், அல்லது பை நிறைந்திருக்கலாம். பையை மாற்றிப் பார்ப்பது சுலபம். ரப்பர் போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வயர் வெடித்திருந்தால், ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். அப்புறம் மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.