நார்த் கரோலினா வழியா, நோட்ரே டேம் வழியா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நட்சத்திர வீரர் படிப்பில் தடுமாறினால் பல்கலைக்கழகம் என்ன செய்யும்? நான் பார்த்தவரை இரண்டு வழிகள்.

சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். பல பாடங்களுக்கு மதிப்பெண் போட்டவர் பேராசிரியர்கூட இல்லை, துறை அலுவலக ஊழியர். 3,100 மாணவர்கள் சேர்ந்த இந்தப் பாடங்களின் இடங்களில் ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்களுக்குப் போனது. அப்புறம் 2017-இல், கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான என்சிஏஏ தண்டனையே தரவில்லை. மற்ற மாணவர்களுக்கும் அந்தப் பாடங்கள் திறந்திருந்தன என்பது முக்கியக் காரணம்.

நோட்ரே டேம் பல்கலைக்கழகம் 2014-இல், படிப்பில் மோசடி செய்ததாகச் சந்தேகத்துக்குள்ளான 5 வீரர்களைத் தானே ஆட்டங்களிலிருந்து வெளியே நிறுத்தியது. பலன்? 2012, 2013 பருவங்களின் 21 வெற்றிகளை என்சிஏஏ ரத்து செய்தது. மேல்முறையீடும் தோற்றது.

விசாரித்தவருக்கு அடி, மழுப்பியவருக்கு விடுதலை. இது அநியாயம். ஆனாலும் நான் நோட்ரே டேம் பக்கம்தான். கல்லூரி வீரர்களில் மிகச் சிலரே தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் போகிறார்கள். மற்றவர்களுக்கு மிஞ்சுவது பட்டம்தான், நார்த் கரோலினா அதையே வெறுமையாக்கியது.